ஐ.கியூவும் ஒரு வகை இசட் புள்ளிதான்

ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்ததும் யாழ்ப்பாணத்தில் பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெரிய தீர்ப்புகள் சொல்லப்படுகின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைக்கு "ஐ.கியூ கூட". இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அன்றிலிருந்து "மொக்கு". ரியூசன் விளம்பரங்களிலும் "நுண்ணறிவு விசேட வகுப்பு" என்ற வரி தவறாமல் இருக்கும். ஐ.கியூ என்ற எண் எப்படிக் கணிக்கப்படுகிறது, அது கூடுதலாக இருந்தால் பிள்ளைக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மட்டும் பெற்றோருக்கு நிதானமாக எடுத்துச் சொல்ல ஆளில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பல வீடுகளில் தேவையில்லாத கண்ணீர் குறையும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு இதை விளக்குவது மற்ற ஊர்களைவிடச் சுலபம். உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் வரும் இசட் புள்ளியைப் பற்றிப் பேசாத வீடு இங்கே அரிது. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதி அதை வைத்துத்தான் நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்தால் வருவது அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. ஐ.கியூவின் அடிப்படையும் இதேதான். வருகிற இசட் புள்ளியை 15ஆல் பெருக்கி 100ஐக் கூட்டுங்கள், அவ்வளவுதான். இசட் பூச்சியம் என்றால் ஐ.கியூ 100. இசட் 1 என்றால் 115. இசட் 2 என்றால் 130. கீழே போய் −1 என்றால் 85. நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். 130ஐத் தாண்டுபவர்கள் இரண்டு பேர் அளவில்.

அப்படியென்றால் ஐ.கியூ வரிசையில் ஓர் இடத்தைக் காட்டுகிற எண். கிலோ, லீற்றர் மாதிரி ஒரு பொருளின் அளவு அல்ல. 140 எடுத்தவருக்கு 70 எடுத்தவரைப்போல் இரண்டு மடங்கு அறிவு என்று சொல்ல முடியாது. இசட் புள்ளி 2 எடுத்த பிள்ளைக்கு, 1 எடுத்த பிள்ளையைவிட இரண்டு மடங்கு இரசாயனவியல் தெரியும் என்று யாரும் சொல்வதில்லையே.

எண்ணுக்குப் பின்னால் ஓர் ஒப்பீட்டுக் கூட்டம் இருக்கிறது என்பதையும் 2011 உயர்தரப் பரீட்சை எங்களுக்குக் காட்டியது. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் தனித்தனியாகக் கணிக்கும்படி தீர்ப்பு வந்தது. விடைத்தாளில் பிள்ளை எழுதிய ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதும் எண்ணும் மாறியது. ஐ.கியூ சோதனையிலும் அப்படியே. அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்த அட்டவணையில் சாவகச்சேரிப் பிள்ளையின் இடத்தைத் தேடினால், அமெரிக்கப் பிள்ளைகளின் வரிசையில் அவளுக்கு எந்த இடம் என்று தெரியவரும். அதுவும் வினாக்களை மொழிபெயர்த்தவர் சரியாகச் செய்திருந்தால்தான். சொல்வளம் கேட்கிற பகுதிகளில் ஒரு மொழியில் இலகுவான சொல், இன்னொரு மொழியில் பட்டதாரிகளுக்கு மட்டும் தெரிந்த சொல்லாகிவிடும்.

அட்டவணைக்கு வயதும் ஆகிறது. 20ஆம் நூற்றாண்டு முழுக்கப் பல நாடுகளில் சோதனைப் புள்ளிகள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளிகள் உயர்ந்துகொண்டே போயிருந்ததை நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளின் 1980களில் எடுத்துக்காட்டினார். அத்தனை குறுகிய காலத்தில் மனிதரின் மரபணு மாறியிருக்க முடியாது. பள்ளிப்படிப்பு பரவியதும், ஊட்டம் கூடியதும், குடும்பங்கள் சிறிதானதும், வடிவங்களையும் குறியீடுகளையும் வைத்து யோசிக்கிற வேலைகள் பெருகியதும்தான் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள். அதனால் நல்ல சோதனைகளுக்கு அவ்வப்போது அட்டவணை புதுப்பிக்கப்படும். பழைய அட்டவணையில் பார்த்தால் எவருடைய எண்ணும் உள்ளதைவிட அழகாகத்தான் தெரியும்.

சோதனையின் தொடக்கத்தைப் பார்த்தால் ஓர் உண்மை மனதில் தைக்கும். 1904இல் பிரான்சின் கல்வி அமைச்சு ஒரு குழு அமைத்தது. வகுப்பறைப் பாடத்தோடு ஒட்டிப்போக முடியாத பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு வேறு வகையில் கற்பிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தத் தேவைக்காக அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுக்க அல்ல, பின்தங்குகிற பிள்ளைக்குக் கைகொடுக்க. அறிவு என்பது பிறப்போடு வந்து அப்படியே நிற்கிற ஒன்று, அதைக் கூட்ட முடியாது என்ற பேச்சைப் பினே கடுமையாக எதிர்த்தார். 1911இல் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வில்லியம் ஸ்டேர்ன், மன வயதை (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் சோதனையைச் செய்கிறது என்பதை) உண்மை வயதால் வகுக்கும் ஈவை முன்வைத்தார். பிறகு அது 100ஆல் பெருக்கப்பட்டது. 1916இல் லூயிஸ் டேர்மன் அமெரிக்காவுக்கு ஏற்ற பதிப்பைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் 17 இலட்சம் படைவீரர்கள் சோதிக்கப்பட்டார்கள். "மந்தபுத்தி" என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்திய சட்டங்களுக்கும் இந்த எண்கள் துணைபோயின. கைகொடுக்கவென்று செய்த கருவி, கைவிடுவதற்கும் பயன்பட்டது. அந்த வரலாறு தெரியாமல் எவரும் ஒரு பிள்ளையின் தலைக்கு எண் ஒட்டக்கூடாது.

மன வயதை வகுக்கிற முறை பெரியவர்களுக்குச் சரிவராது. நாற்பது வயதுக்காரருக்கு எண்பது வயது மனம் என்றால் என்ன அர்த்தம்? அதனால் டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட தன் சோதனையில் வகுத்தலைக் கைவிட்டு, நான் மேலே சொன்ன வரிசை இட முறைக்கு மாறினார். இன்று உளவியலாளர்கள் அதிகம் கையாள்வது அவர் வழிவந்த சோதனைகளைத்தான்.

சரி, உள்ளே என்னதான் கேட்கிறார்கள்? ஒரு பகுதியில் சில பக்கம் முழுச் சிவப்பும் சில பக்கம் முழு வெள்ளையும், சில பக்கம் மூலைவிட்டமாகப் பாதி சிவப்பு பாதி வெள்ளையுமான கட்டைகளைப் பிள்ளையின் முன்னால் வைப்பார்கள். ஓர் உருவப் படத்தைக் காட்டி, கட்டைகளால் அதேபோல் அடுக்கச் சொல்வார்கள். சோதிப்பவரின் கையில் ஸ்டொப்வோச். சில பிள்ளைகள் படத்தை மனதிலேயே ஒன்பது சதுரமாக வெட்டிவிட்டு ஒவ்வொரு கட்டையாகத் திருப்பி வைப்பார்கள். சில பிள்ளைகள் வைத்துப் பார்த்து, பிழைத்து, மறுபடி திருப்புவார்கள். இன்னொரு பகுதியில் இலக்கங்களைச் சொல்லிப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லக் கேட்பார்கள்: 7, 2, 9, 4 என்றால் 4, 9, 2, 7. இரண்டு பொருள்களுக்கிடையில் உள்ள ஒற்றுமை, சொல்லின் பொருள், விடுபட்ட உருவம், வேகமாகக் குறியீடு எழுதுதல் என்று இப்படிப் பல. ஒரு பகுதியில் நன்றாகச் செய்பவர் மற்றப் பகுதிகளிலும் ஓரளவு நன்றாகச் செய்வார் என்பது 1904இல் சார்ள்ஸ் ஸ்பியர்மன் கவனித்த விஷயம். இத்தனை வேறுபட்ட பகுதிகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்குவதற்கு நியாயமே அந்தப் பொது இழைதான்.

இப்போது, ஐ.கியூ கூடுதலாக இருப்பது எதைக் காட்டுகிறது? "அதெல்லாம் சும்மா" என்று தட்டிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உளவியலில் இந்தளவு உறுதியாக நிற்கிற அளவீடுகள் அதிகம் இல்லை. 1932 ஜூன் மாதத்தில் ஸ்கொட்லாந்தில் 1921இல் பிறந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும், அதாவது 87,000 பேரளவில், ஒரே நாளில் சோதித்தார்கள். அந்தத் தாள்கள் பின்னாளில் தூசு தட்டி எடுக்கப்பட்டு, எழுபது வயதைத் தாண்டியிருந்த சிலரை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து அதே சோதனையை மறுபடி எழுதச் செய்தார்கள். 11 வயதுப் புள்ளிக்கும் முதுமைப் புள்ளிக்கும் இடையிலான இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுதாகச் சேர்ந்து போனால் 1) 0.6 அளவில் இருந்தது. கூடிய புள்ளி எடுத்தவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் உயிரோடும் இருந்தார்கள். பாடசாலைப் புள்ளிகளோடு ஐ.கியூவுக்கு உள்ள இணைபு 0.5 அளவில். வேலைத் திறனோடும் 0.5 என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அண்மைய மறுகணிப்புகள் அதை 0.3 அளவுக்கு இறக்கியிருக்கின்றன. ஐ.கியூ கூடுதலான பிள்ளை புதிய விஷயத்தை, குறிப்பாகக் குறியீடும் தர்க்கமும் நிறைந்த விஷயத்தை, குறைந்த தடவையில் பிடித்துக்கொள்ளும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

0.5 என்பதையும் சரியாக வாசிக்க வேண்டும். வர்க்கித்தால் 0.25. பிள்ளைகளின் புள்ளிகளில் உள்ள வேறுபாட்டில் நான்கில் ஒரு பங்கு ஐ.கியூவோடு சேர்ந்து போகிறது. மற்ற முக்கால் பங்கு வேறிடத்தில் கிடக்கிறது. ஒழுங்காக உட்கார்ந்து செய்து முடிக்கிற குணம் அதில் பெரிய கூறு, அந்தக் குணம் ஐ.கியூவோடு ஏறத்தாழத் தொடர்பே இல்லாதது. ஆசிரியர், வீட்டின் அமைதி, தூக்கம், உடல்நலம், பார்வை, பசி, பரீட்சை மண்டபத்தில் வருகிற நடுக்கம், எல்லாம் அந்த முக்கால் பங்குக்குள் அடங்கும். ஐந்தாம் ஆண்டில் சிரமமே இல்லாமல் முன்னுக்கு வந்து, பாடுபட்டுப் படிப்பதென்றால் என்னவென்று பழகாமலே உயர்தரம் வரை போய், அங்கே முதல் தடவையாக விளங்காத ஒரு பாடத்தைக் கண்டதும் கலங்கிப்போகிற பிள்ளைகளை இங்கே ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். "உனக்கு மண்டை இருக்கு" என்று பத்து வயதில் சொல்லிச் சொல்லியே வளர்த்ததற்கும் அதில் பங்கிருக்கிறது.

டேர்மனின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1921இல் தொடங்கி, ஐ.கியூ மிக உயர்ந்த 1,500 பிள்ளைகளளவில் தெரிந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர ஏற்பாடு செய்தார். நாட்டின் பெரிய மேதைகள் இவர்களுக்குள்ளிருந்து வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலோர் நன்றாகப் படித்தார்கள், நல்ல வேலையில் இருந்தார்கள், சராசரிக்கு மேலான வாழ்க்கை வாழ்ந்தார்கள். நோபல் பரிசு மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்டும் புள்ளி போதாமல் விடுபட்ட சிறுவர்களில் இருவர், வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெஸும், முறையே 1956இலும் 1968இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். சோதனை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. சராசரிகளைப் பற்றி நன்றாகச் சொல்கிற ஒரு கருவி, தனியொரு பிள்ளை எங்கே போய் நிற்பான் என்று சொல்லாது. அதற்காக "120க்கு மேலே எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான்" என்று பரவலாகச் சொல்வதும் சரியல்ல. 1971இல் ஜூலியன் ஸ்டான்லி தொடக்கிய ஆய்வில், கணிதத்தில் முதல் 1 வீதத்துக்குள் வந்த பிள்ளைகளிலேயே மேல்தட்டில் இருந்தவர்கள் பின்னாளில் கூடுதலான ஆய்வுகளும் காப்புரிமைகளும் பெற்றது தெரியவந்தது.

ஐன்ஸ்டைனின் ஐ.கியூ 160 என்றும் இராமானுஜனுக்கு இன்ன எண் என்றும் வருகிற படங்களை நம்ப வேண்டாம். அவர்கள் சோதனை எழுதியதற்குப் பதிவு இல்லை. இராமானுஜன் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தவர் என்பதற்குத்தான் பதிவு உண்டு.

ஐ.கியூ சொல்லாத இன்னொன்று, எடுத்த முடிவு புத்தியானதா என்பது. கீத் ஸ்டனோவிச் என்ற கனடிய உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தன் பக்கத்துக்குச் சாதகமான ஆதாரத்தை மட்டும் தேடுகிற பழக்கம், ஐ.கியூ கூடியவர்களிடமும் குறையவில்லை என்று அவர் கண்டார். நல்ல மூளை தவறான நம்பிக்கைக்கும் கெட்டித்தனமாக வக்காலத்து வாங்கும். படித்தவர்கள் நிறைந்த இந்தக் குடாநாட்டில் அதிக வட்டி ஆசை காட்டிய மோசடிகளில் யார் யார் பணம் போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்பு, நேர்மை, பொறுமை, பிறர் துயரம் அறிவது எதற்கும் அந்தத் தாளில் வினா இல்லை. அதிபுத்திசாலிகளுக்கு மனநோய் கூடுதலாக வரும் என்ற பழைய பேச்சுக்கும் ஐக்கிய இராச்சியத்தின் பெரிய தரவுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் செய்ததை என் தலைமுறை மறக்காது. பெற்றோல் தங்கமாக இருந்தது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் கார்களையும் ஓடவைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூடேறினால் எரியும் என்ற அறிவு அதற்குள் இருந்தது. கையால் தொட்டு, காதால் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்துத் திருத்துகிற பழக்கமும் இருந்தது. அவர்களில் பலர் சிவப்பு வெள்ளைக் கட்டைகளையும் நன்றாகவே அடுக்கியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எவர் கராஜில் இப்படியொன்று பிறக்கும் என்று முன்கூட்டியே எந்த எண்ணும் சொல்லியிருக்காது.

புலமைப்பரிசில் தாளுக்கு வருவோம். முதலாம் வினாத்தாளில் நுண்ணறிவு வினாக்கள் இருப்பது உண்மை. அதனால் அது ஐ.கியூ சோதனையாகிவிடாது. உதாரணத்துக்கு 3, 6, 11, 18, 27, அடுத்தது என்ன? இப்படியான தொடரை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை, இடைவெளிகள் 3, 5, 7, 9 என்று ஒற்றை எண்களாகப் போவதைத் தானே கண்டுபிடித்து 38 என்று எழுதினால், அங்கே அளக்கப்பட்டது அவளுடைய சிந்தனை. மாதிரி வினாத்தாள்களில் இதே வகையை நூற்றுக்கணக்கில் செய்து முடித்த பிள்ளை, பார்த்த மாத்திரத்தில் "கழிச்சுப் பார்" என்று கையை ஓட்டினால், அங்கே அளக்கப்பட்டது பயிற்சி. பயிற்சி கெட்டதல்ல. ஆனால் இரண்டும் ஒரே 38ஆகத்தான் தாளில் வரும். பழகின வகை வினாவில் கூடுகிற புள்ளி, பழகாத வேறு வேலைக்குப் பெரிதாகக் கைமாறுவதில்லை என்பதுதான் ஆய்வுகள் காட்டுவது. யாழ்ப்பாண நகரத்தில் மூன்று ரியூசனுக்குப் போகிற பிள்ளையையும் தீவுப்பகுதியில் ஒரு ரியூசனும் இல்லாத பிள்ளையையும் ஒரே எண்ணால் "மூளை" என்று ஒப்பிடுவது எவ்வளவு அநியாயம்.

வயது விஷயம் இன்னும் மோசம், இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. முதலாம் வகுப்பில் சேர ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே ஒரே வகுப்பில் பெப்ரவரியில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். பத்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. உளவியலாளரின் சோதனையில் சில மாதங்களுக்கு ஒரு தனி அட்டவணை உண்டு. பத்து வயது ஒரு மாதப் பிள்ளையைப் பதினொரு வயதை எட்டப்போகிற பிள்ளையோடு அங்கே ஒப்பிடமாட்டார்கள். புலமைப்பரிசில் பரீட்சையில் எல்லோருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி, மாவட்டமும் மொழிமூலமும் மட்டும்தான் பார்க்கப்படும். ஜனவரியில் பிறந்த உங்கள் மகள் நான்கு புள்ளியால் தவறினால், அவள் மொக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன் பிறந்த திகதியைப் பாருங்கள்.

"பரம்பரையில் வந்ததுதானே" என்பார்கள். இரட்டையர் ஆய்வுகள் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டென்றுதான் காட்டுகின்றன. வயது ஏற ஏற அந்தப் பங்கு கூடுவதும் தெரிகிறது. ஆனால் அது ஒரு சமூகத்துக்குள் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ஒரு பிள்ளையின் மூளையில் இத்தனை வீதம் அப்பா தந்தது என்ற கணக்கு அல்ல. சூழல் மோசமானால் எண் இறங்கும்: கர்ப்ப காலத்தில் அயடீன் குறைந்தாலும், சிறுவயதில் ஈயம் உடம்பில் சேர்ந்தாலும் இறங்குகிறது. பள்ளிப்படிப்பு எண்ணை ஏற்றுகிறது. ஆறு இலட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவைத் திரட்டி 2018இல் வெளியான ஆய்வில், கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் 1 முதல் 5 புள்ளி வரை கூடுவது தெரியவந்தது. 1995 ஒக்ரோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது பாடசாலையை விட்டுப் போன பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு பறிபோனது என்பதை இந்த எண்ணை வைத்து யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. மின்சாரமில்லாத அந்த வருடங்களில் குப்பி விளக்கில் படித்தவர்களை அளக்க எந்த அட்டவணையும் கிடையாது.

அப்படியென்றால் ஐ.கியூ சோதனையே வேண்டாமா? வேண்டும், பினே நினைத்த வேலைக்கு வேண்டும். நன்றாகக் கதைக்கிற, கேள்வி கேட்கிற, ஆனால் நாலாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளை எங்கள் வகுப்பறைகளில் உண்டு. அடியும் ஏச்சும்தான் அவனுக்குக் கிடைக்கிறது. பயிற்சி பெற்ற உளவியலாளர் முறையாகச் சோதித்தால், சிந்தனைப் பகுதிகளில் உயர்ந்த புள்ளியும் வாசிப்போடு ஒட்டிய பகுதிகளில் மட்டும் தாழ்ந்த புள்ளியும் வரலாம். சோம்பேறி என்று நினைத்த பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் உள்ள கற்றல் இடர்ப்பாடு) என்று அப்போது விளங்கும், கற்பிக்கும் முறையை மாற்றலாம். பரீட்சைகளில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி பிறக்கும்.

அப்படி ஓர் அறிக்கை கையில் வந்தால் மேலே தடித்த எழுத்தில் இருக்கிற ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சோதனை, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த நாட்டுப் பிள்ளைகளின் அட்டவணை, எந்த மொழியில் கேட்டார்கள் என்று கேளுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு எழுதியிருக்கும். 118 என்றால் உண்மை இடம் 113க்கும் 123க்கும் இடையில் எங்கேயோ என்பதுதான் அதன் பொருள். அன்று பிள்ளைக்குக் காய்ச்சலா, கண்ணாடி போட்டிருந்தாளா, பயந்துபோய் வாய்திறக்காமல் இருந்தாளா என்பதையும் சோதித்தவர் குறித்திருக்க வேண்டும். இணையத்தில் பத்து நிமிடத்தில் வருகிற 145க்கு இதில் ஒன்றுமே கிடையாது.